பெண் கேட்கப் போன பாஸ்கெட்பால் டீம்

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி முரளிக்குப் பெண் கேட்க சிதம்பரம் அண்ணாமலை நகர் போனோம்.

பெண் கேட்கப் போகிற வேனில் என்ன பேசுவார்கள்? மண்டபம், சாப்பாடு, எந்த சித்தப்பா எதற்குக் கோபித்துக்கொள்வார்... இப்படித்தானே? எங்கள் வேன் திருப்பாதிரிப்புலியூரைத் தாண்டுவதற்குள், அமெரிக்க பாஸ்கெட்பால் மேட்சில் கடைசி அஞ்சு செகண்டில் பந்தை யார் கையில் கொடுப்பது என்று சண்டை ஆரம்பித்துவிட்டது.

என் வீட்டுக்காரர் கதிரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி அவர் மானத்தைப் பலமுறை வாங்கியிருக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் அரசாங்க உத்தியோகம். காலையில் ஆபீஸ் போவதற்கு முன்னால் அங்கேயே மைதானத்தில் பாஸ்கெட்பால். டீமில் எல்லாருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. குதித்துப் பந்து போடுவதாகச் சொல்வார்கள். நானும் போய்ப் பார்த்தேன்... செருப்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு போஸ்ட் கார்டை நுழைக்கலாம், அவ்வளவுதான்.

விளையாடுவதாவது காலையோடு முடியும். இந்த விவாதம் இருக்கிறதே, அது முடியவே முடியாது. கேபிளில் அமெரிக்க மேட்ச் பார்க்கிறார்கள். அந்த ஊர் ஆட்டக்காரர்களின் பெயர்கள் வாயில் நுழையாததால் இவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். மொட்டை, சாந்தமூர்த்தி, நெட்டை.

மொட்டை, கடைசிப் பந்தை யாருக்கும் தரமாட்டான். அடம்பிடித்து வாங்கி அவனே போடுவான். சாந்தமூர்த்தி சிரிக்கவும் மாட்டான், அழவும் மாட்டான், பலகையில் தட்டிக் கூடைக்குள் இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். நெட்டையை நாலு பேர் வளைத்துக்கொண்டால், சும்மா நிற்கிற ஆளாகப் பார்த்துப் பந்தைக் கொடுத்துவிடுவான். மூன்று பேரில் ஆபத்துக்கு உதவுகிறவன் யார்? இதுதான் கேள்வி. இந்தக் கேள்வியால் எங்கள் வீட்டில் எத்தனை இட்லி ஆறிப்போயிருக்கிறது தெரியுமா?

சரி, வேனுக்கு வருகிறேன்.

முரளியும் எஸ்தரும் ஒன்றாகப் படித்தவர்கள். நாங்கள் கோயில், அவர்கள் சர்ச். அதனால் ஒரு வருஷமாக இழுபறி. எங்கள் பக்கம் அழுகை, அவர்கள் பக்கம் ஜெபம், இரண்டு பக்கமும் பட்டினி... எல்லாம் ஆகிவிட்டது. கடைசியில் எஸ்தரின் அப்பா சாலமன் சார் இறங்கிவந்து ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "பையன் வர வேணாம். வீட்டுப் பெரியவங்க வந்து வாயைத் தொறந்து முறையா கேக்கட்டும். அப்புறம் நான் சொல்றேன்."

கேட்காவிட்டால்? தஞ்சாவூரிலிருந்து ஒரு வரன் தயாராக இருந்தது. அடுத்த ஞாயிறு அவர்கள் வருகிறார்கள் என்று எஸ்தர் போனில் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். முரளி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா இல்லாத பிள்ளை.

ஆக, வேனில் போன பெரியவர்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர். அவருடைய டீம்காரர் சேகர், வங்கியில் வேலை, யாரையும் பேசிச் சமாளிப்பார் என்று பெயர். மூன்றாவது என் தாய்மாமா கலியபெருமாள், ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர். வீட்டில் காபி கேட்பதைக்கூட மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பார். பின் சீட்டில் முரளி, மடியில் பூ பழம் வெற்றிலை உள்ள பை. சம்மதம் என்றால் உள்ளே கொண்டுபோக வேண்டியது.

"யாரு கேக்கறது?" என்றேன் நான்.

மூன்று பேரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள்.

"நீ பேசாத. பொம்பள கேட்டா மரியாதையா இருக்காது" என்றார் என் வீட்டுக்காரர்.

"சரி, நீங்க கேளுங்க."

"நானா? மாமா இருக்கும்போது நானா?"

"எனக்கு குரல் ஜாஸ்தி மாப்ள. மெரட்டுற மாதிரி இருக்கும்" என்றார் மாமா. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை ஒத்துக்கொண்டார்.

உடனே டீம் மீட்டிங் நடந்தது. மொட்டையைப் போலத் துணிந்து கேட்பவர் யார், சாந்தமூர்த்தியைப் போலப் பதறாமல் சொல்பவர் யார் என்று ஆலப்பாக்கம் வரை ஆராய்ந்தார்கள். போன வருஷம் ஒரு மேட்சில் கடைசி செகண்டில் சேகர் கூடை போட்டு ஜெயிக்கவைத்தாராம். அதனால் சேகர்தான் கேட்பது என்று முடிவானது.

"அது கண்ண மூடிக்கினு எறிஞ்சது" என்றார் மாமா.

"உள்ள வுழுந்துச்சா இல்லியா?" என்றார் சேகர்.

சிதம்பரம் வரும்வரை சேகர் ஒத்திகை பார்த்தார். 'உங்க பொண்ண எங்க முரளிக்குக் குடுக்கணும்.' இவ்வளவுதான் டயலாக். இதை வங்கிக் கடன் விண்ணப்பம் போல நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

முரளியைத் தெருமுனையில் வேனிலேயே விட்டுவிட்டு உள்ளே போனோம். வரவேற்பெல்லாம் குறைவில்லை. சாலமன் சார் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஹாலில் மின்விசிறி மட்டும் கடகடத்தது. நான் சேகரைப் பார்த்தேன். சேகர் தொண்டையைக் கனைத்தார். வாயைத் திறந்தார்.

"சார்... அந்த போட்டோவுல பந்து வச்சிருக்கறது நீங்களா?"

சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அரை டிராயரோடு பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள், நடுவில் பாஸ்கெட்பாலோடு சாலமன் சார்.

அதுவரை விறைப்பாக இருந்த மனிதர் அப்படியே இளகிவிட்டார். "ஆமா, ஆடுவீங்களா?" என்றார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு நான் எஸ்தரின் அம்மாவோடு சமையல்கட்டுக்குப் போனேன். அங்கே எஸ்தர் வடை தட்டிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஹாலில் ஒரே சிரிப்பு. கைதட்டல். "அப்படிச் சொல்லுங்க சார்!" என்று மாமாவின் குரல் கூரையில் மோதியது. எஸ்தரின் அம்மா கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்" என்றார். நானும் என் பங்குக்கு முருகா என்றேன். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

வடைத் தட்டோடு ஹாலுக்குப் போனேன். சோபா சுவரோரம் போயிருந்தது. டீப்பாய் வாசலுக்குப் போயிருந்தது. கலியபெருமாள் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் விரித்து நிற்க, சம்பந்தி ஆகப்போகிறவர் ஒரு சோபாத் தலையணையை அவர் தலைக்கு மேலாகத் துணிக்கூடைக்குள் எறிந்துகொண்டிருந்தார். சேகர் செகண்ட் எண்ணிக்கொண்டிருந்தார்.

"மொட்டையை நம்பக் கூடாது சார்" என்றார் சாலமன் சார் மூச்சுவாங்க. பெயரெல்லாம் அதற்குள் அவருக்கும் பாடமாகிவிட்டது. "போட்ட பந்துதான் நம்ம ஞாபகத்துல நிக்குது. வுட்ட பந்தெல்லாம் யாரு கணக்கு வச்சா? நெட்டைதான் கரெக்ட். தன்னால முடியலன்னா அடுத்தவன்கிட்ட குடுக்கறான் பாருங்க, அவன்தான் நம்பகமான ஆளு."

"கரெக்ட் சார்!" என்று என் வீட்டுக்காரர் கட்சி மாறினார். வீட்டில் இத்தனை வருஷம் மொட்டைக்காக என்னிடம் தொண்டை வற்றக் கத்திய மனிதர்!

எல்லாம் சுபமாக முடிந்த சந்தோஷத்தில் ஆடுகிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். வடை சாப்பிட்டோம். எஸ்தரின் அம்மா மீதி வடையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். சாலமன் சார் தெருவரை வந்து மூன்று பேரையும் கட்டிப்பிடித்து வழியனுப்பினார்.

வேனில் ஏறியதும் சேகர் முரளியின் முதுகில் ஓங்கித் தட்டி, "மச்சான், உன் மாமனார் தங்கம்டா!" என்றார். முரளி வெட்கத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. பி.முட்லூரில் டீ குடித்தோம், அங்கேயும் நெட்டைதான் பேச்சு. அதைத் தாண்டி ஒரு ரயில்வே கேட்டில் வேன் நின்றது. பின்னால் ஒரு பஸ், லாரி, டிராக்டர் என்று வரிசை சேர்ந்தது. அப்போதுதான் முரளி என் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டான்.

"மாமா... தேதி எப்பன்னு சொன்னாங்க?"

என் வீட்டுக்காரர் மாமாவைப் பார்த்தார். "மாமா, நீங்க கேட்டீங்களா?"

மாமா சேகரைப் பார்த்தார். "சேகர்தான கேட்டான்?"

"நான் போட்டோ பத்திக் கேட்டேன்" என்றார் சேகர்.

முரளியின் மடியில் பை அப்படியே இருந்தது. பூ, பழம், வெற்றிலை... யாருமே உள்ளே எடுத்துப் போகவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று பேரையும் அந்தத் தண்டவாளத்திலேயே உட்காரவைத்திருப்பேன். கடல் தாண்டி எவனோ ஒருத்தனுக்குத் தைரியம் இருக்கிறதா என்று வருஷக்கணக்கில் தீர்ப்புச் சொல்கிறார்கள். தன் வாயிலிருந்து ஒரு வரி வரவில்லை! இந்த ஆண்களை என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள். நான் பார்த்தவரை, அடுத்தவனின் கடைசி அஞ்சு செகண்டுக்கு எல்லாரிடமும் ஒரு யோசனை இருக்கிறது. நம்முடையது வரும்போதுதான் சுவரில் போட்டோ தேடுகிறோம்.

முரளி எஸ்தருக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. நான் சாலமன் சாருக்குப் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பவும் போட்டேன், எடுக்கவில்லை.

"போச்சு" என்றான் முரளி. "பொண்ணு புடிக்கலன்னு கேக்காம வந்துட்டோம்னு நெனச்சிருப்பாரு. அவ்ளோதான்க்கா."

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாமாவுக்கே குரல் இறங்கிவிட்டது. "வண்டியத் திருப்புய்யா" என்றார் டிரைவரிடம். எங்கே திருப்புவது? முன்னால் கேட், பின்னால் பஸ்.

அப்போது வரிசையின் ஓரமாக ஒரு ஸ்கூட்டர் வளைந்து வளைந்து வந்தது. ஓட்டி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். சாலமன் சார்! பின் சீட்டில் எஸ்தர், வடை மாவு கையில் காய்ந்துபோய். நாங்கள் கிளம்பியதும் வீட்டம்மா தேதியைக் கேட்டிருக்கிறார். இவர், "என்ன தேதி?" என்றிருக்கிறார். மகள் அப்பாவைப் பிடித்து ஸ்கூட்டரில் உட்காரவைத்துவிட்டாள்.

வேன் கதவு திறந்தது. சாலமன் சார் நின்றார். இவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"சார்..." என்றார் என் வீட்டுக்காரர். அப்படியே மாமாவைப் பார்த்தார். மாமா சேகரைப் பார்த்தார். சேகர் டிரைவரைப் பார்த்தார்.

"நான் வாடகைக்கு வந்தவன் சார், என்னப் பாக்காதீங்க" என்றார் டிரைவர்.

சாலமன் சாரும் வாயைத் திறந்து திறந்து மூடினார். "இல்ல... அந்த நெட்டை விஷயத்துல இன்னொண்ணு சொல்ல வுட்டுட்டேன்..." என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார்.

மரியாதையாவது மண்ணாவது என்று நான் எழுந்தேன். அதற்குள் எஸ்தர் ஸ்கூட்டரை விட்டு இறங்கினாள். அப்பாவைத் தாண்டி வேன் கதவருகே வந்தாள். நேராக என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, இவுங்க யாரும் கேக்கப் போறதில்ல. நானே கேக்கறேன். உங்க தம்பிய எனக்குக் குடுப்பீங்களா?"

அண்ணி! காலையில்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டாள். பின்னாலிருந்து முரளி என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"குடுத்துடுக்கா!"

நான் சாலமன் சாரைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்த்தார். கர்சீப்பை எடுத்தார், முகத்தைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்தார். பின்னால் பஸ் ஜன்னல் எல்லாம் தலைகள், ஒரு அம்மா எட்டிப் பார்க்க வசதியாகக் குழந்தையைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நாலு பேருக்குத் தெரிய நடக்கணும்னு நெனச்சேன்" என்றார் சாலமன் சார். "இங்க ஒரு பஸ்ஸே கேட்டுக்கினு இருக்கு. இனிமே நான் எங்க மாட்டேன்னு சொல்றது? பூவக் குடுங்கம்மா."

ரயில் போய் வெகுநேரம் ஆகியிருந்தது போல. கேட் திறந்து கிடந்தது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பஸ் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"குடுத்துட்டு வண்டிய எடுங்கய்யா!"

குடுத்துவிட்டோம். வண்டியையும் எடுத்துவிட்டோம்.