ஹென்றியின் எழுத்தை வரைந்தவள் நான்

ஹென்றிக்கு மறதி இல்லை. அடுப்புக் குழாய்க்குள் சாக்கை விட்டுவிட்டு வந்தவள் நான். எடுத்தாயிற்று என்று அட்டையில் அவருடைய எழுத்தைப் போட்டவளும் நான்!

இரண்டு வருடமாக இது என் வயிற்றுக்குள் கிடக்கிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, எங்களுக்கு மேல்மாடியில் இருக்கும் ராஜி எழுதுகிறாள். மகன் குகனிடம் சொல்லி எழுதுவித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள்... அவனுக்கு இது தெரியாது.

குகன் இரும்புத் தொழிற்சாலையில் வேலை. அங்கே கூட வேலை செய்யும் ஒருவர் அவனை ஒரு மலையேறும் சங்கத்தில் சேர்த்துவிட்டார். ரொறன்ரோவிலிருந்து வடக்கே இரண்டு மணித்தியாலம் காரில் போனால், மலைச்சரிவில் அவர்களுக்குப் பொதுவாக ஒரு மரவீடு. பனி கொட்டியதும் எல்லாரும் அங்கே தங்கிச் சறுக்கப் போவார்கள். அதற்கு முன், இலை உதிரும் காலத்தில் ஒருநாள் கூடி வீட்டைத் தயார்படுத்த வேண்டும். அது சங்கத்தின் வழக்கம்.

"வேலைக்கு ஆக்கள் காணாதாம். நீங்களும் வாங்கோவன் அம்மா," என்றான் குகன்.

எனக்கு வந்த சந்தோசத்தைக் கேட்க வேண்டுமா! இந்த நாட்டில் என்னை யார் வேலைக்குக் கூப்பிட்டார்கள்? பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின், பதினோராம் மாடியில் யன்னலும் நானும்தான். விடிய எழும்பிப் பிட்டு அவித்தேன். செத்தல் மிளகாய்ச் சம்பல் இடித்தேன். வழியெல்லாம் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக, கலியாண வீட்டுக்கு உடுத்தி வந்தவை போல நின்றன. ஒவ்வொரு மரத்தையும் பார்த்து நான் கதைத்துக்கொண்டே போனேன். குகன் சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

ஹென்றியை அங்கேதான் கண்டேன். எழுபது தாண்டிய மனிதர். இளந்தாரியாக இருந்தபோது அந்த வீட்டைக் கட்டிய கைகளில் அவருடையதும் உண்டு. வீட்டுத் திறப்பு ஒரு கயிற்றில் அவர் கழுத்திலே தொங்கும். அவர் வந்து திறக்காமல் ஒருவரும் உள்ளே போவதில்லை. என் சம்பலை அள்ளி வாயில் போட்டார். கண்ணாலும் மூக்காலும் ஊற்றியது!

"ஐயோ அம்மா, மனுசன் சாகப்போறார், தண்ணியைக் குடுங்கோ!" என்று குகன் கத்தினான். அவரோ தட்டை மறுபடியும் நீட்டினார்.

பாருங்கள், எங்கோ போய்விட்டேன். அட்டைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை. மாகிரெட் என்ற பெண் அவற்றைப் பங்கிட்டாள். வேலை முடிந்ததும் அட்டையில் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, சுவரில் ஆணியில் மாட்ட வேண்டும். என் கையிலும் ஒன்றைத் தந்து, வாசிக்க முடியுமா என்பது போலக் கேட்டாள். "யெஸ், யெஸ்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? குகன் வெளியே விறகு கொத்திக்கொண்டிருந்தான். கூப்பிட்டிருந்தால் வாசித்துச் சொல்லியிருப்பான். ஆனால் அதற்கு முந்தின மாதம் ஒரு அலுவலகத்தில் நான் பெருவிரலை மையில் அமுக்கியபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்தார். அவன் முகம் போன போக்கு... அது எனக்குப் போதும்.

மாகிரெட் இரும்பு அடுப்பைக் காட்டி, கையால் எதையோ இழுப்பது போலச் செய்தாள். துடைக்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். துடைத்தேன், முகம் தெரியும்வரை! குருவியும் அணிலும் இறங்காதபடி கோடை முழுவதும் குழாய்க்குள் ஒரு சாக்கை அடைத்து வைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதை இழுத்தெடுப்பதுதான் என் வேலையாம்.

விளங்காமல் விட்டது பிழையல்ல என்று நீங்கள் சொல்லலாம். சரி. பிறகு செய்தது?

ஆணிக்கு முன்னால் பென்சிலோடு நின்றேன். எனக்கேது எழுத்து? ஹென்றி அப்போதுதான் மாட்டிவிட்டுப் போன அட்டை பக்கத்தில் தொங்கியது. இரண்டு கம்பு, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு. கோலம் போட்ட கைக்கு அது ஒரு வேலையா? பார்த்து அப்படியே வரைந்தேன். வரைந்துவிட்டு, ஒருகணம்... பெருமைப்பட்டேன்! எல்லாரையும் போல நானும் எழுதிவிட்டேன் என்று.

மார்கழியில் வீடு திறந்த முதல் நாள் நாங்களும் போனோம். ஹென்றி கதவைத் திறந்து அடுப்பை மூட்டினார். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கப் புகை. காலுறையோடு எல்லாரும் பனிக்குள் ஓடினோம். ஒரு சிறுமிக்கு இருமல் நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பின்னேரம் சுகமாகத் திரும்பி வந்தாள். வராமல் விட்டிருந்தால்?

யாரோ குழாயிலிருந்து கருகிய சாக்கை இழுத்தெடுத்தார்கள். இன்னொருவர் அட்டையைக் கொண்டுவந்தார்.

"என்னவாம் மோனை?"

"சாக்கை எடுத்தாச்செண்டு ஹென்றி எழுத்துப் போட்டிருக்கிறார் அம்மா. ஆனா எடுக்கேல்லை. மனுசனுக்கு மறதி வந்திட்டுதுபோல."

மாகிரெட் அன்று வரவில்லை. பிறகு கேட்டபோது, அந்த அம்மாவுக்கு ஏலாமல் ஹென்றி செய்திருப்பார் என்று நினைத்தாளாம்.

ஹென்றி அட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். குறுக்குக் கம்பு பக்கத்துக் கம்பைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. என் கை! எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. அவர் மெல்ல ஏதோ சொன்னார்.

"தன்ரை எழுத்துத்தானாம். ஆனா போட்ட ஞாபகம் இல்லையாம்," என்றான் குகன்.

பிறகு கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றி, திறப்பைச் சங்கத் தலைவரிடம் கொடுத்தார். தரும்படி ஒருவரும் கேட்கவில்லை. வேண்டாம், வைத்திருங்கள் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். தலையை ஆட்டிவிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். மகனைச் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பயந்ததாகப் பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய்! என் முகத்தைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான்.

போன வருடம் வீட்டைத் தயார்படுத்தும் நாளுக்கு அவர் மகளின் காரில் வந்தார். புகைக்குப் பிறகு மகள் அவரைக் கார் ஓட்ட விடுவதில்லையாம். வீட்டில் அடுப்பையும் தொட விடுவதில்லையாம். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் ஒருவரைக் கூப்பிட்டு, செய்துவிட்டேனா என்று கேட்டார். இளசுகள் சிரித்தன. அவரும் சேர்ந்து சிரித்தார். ஒரு யன்னலுக்குக் கொக்கி போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கொளுவிட்டனோ எண்டு கேக்கிறார். பாத்துச் சொல்லுங்கோ அம்மா."

"நல்லாக் கொளுவியிருக்கிறார் எண்டு சொல்லு மோனை."

குகன் சொன்னான். ஹென்றி எனக்கு நன்றி சொன்னார். எனக்கு! குகன் பக்கத்திலேயே நின்றான். இன்னும் ஒரு வசனம் சொல்லியிருந்தால் அதையும் மொழிபெயர்த்திருப்பான். அந்த ஒரு வசனத்தை நான் சொல்லவில்லை.

இப்போது ராஜி பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"ஆச்சி, இதை இங்கிலீசிலை எழுதி அவருக்கு அனுப்புவமோ? ஒரு பக்கம் போதும்."

"பிறகு பாப்பம். நீ எழுது பிள்ளை."

தமிழில் சொன்னால் நீங்கள் எல்லாரும் வாசிப்பீர்கள், ஹென்றி ஒருவரைத் தவிர. தொடங்கும்போதே எனக்கு அது தெரியும்.