விட்டுப்போன ஒரு ‘நாட்’

அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்கு வந்த புதிதில் எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. கணவரின் விசாவில் வந்தவள். பகலெல்லாம் அறைக்கும் பால்கனிக்குமாக நடந்து அலுத்து, பக்கத்து லைப்ரரியில் சம்பளமில்லாத வேலைக்குச் சேர்ந்தேன். அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆரம்பகால விவாதங்களைப் பழைய புத்தகங்களைப் பார்த்து கம்ப்யூட்டரில் அடித்துத் தரவேண்டும்.

நாடு அப்போதுதான் பிறந்திருந்தது. அதன் சரக்குக் கப்பல்களை அந்நியர்கள் நடுக்கடலில் மறித்துப் பிடித்தார்கள். கப்பல்களில் பீரங்கி வைக்கலாமா, கடற்படை கட்டலாமா என்று ஓயாத வாக்குவாதம். மசோதாவை எடுப்பார்கள், அடுத்த வாரத்துக்குத் தள்ளுவார்கள். எனக்குப் பொறுக்காது, முடிவு தெரிய பக்கங்களைத் தாண்டித் தாண்டிப் பார்ப்பேன்.

ஓர் உறுப்பினர் மட்டும் விடாமல் எதிர்த்தார். பீரங்கியை ஏற்றினால் போரையும் சேர்த்து ஏற்றியதாகும் என்பது அவர் வாதம். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அந்த வாரம் அடித்ததை ஃப்ளாப்பியில் ஏற்றி லைப்ரரியில் கொடுத்துவிட்டு வந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது சுரீரென்றது. ‘சம்மதிக்க மாட்டேன்’ என்று அந்த உறுப்பினர் சொன்ன இடத்தில் ‘நாட்’ என்ற இங்கிலீஷ் வார்த்தையை அடித்தேனா? அவசரத்தில் விட்டிருந்தால் அவர் சம்மதித்ததாக ஆகிவிடுமே!

“நான் லைப்ரரிக்குப் போயிட்டு வரேன்.”

“இப்பவா? அந்த ஆள் செத்து எரநூறு வருஷம் ஆச்சு. எழுந்து வந்து கேஸ் போடப்போறாரா?” கணவர் சிரித்தார்.

“அதனாலதாங்க. அவரால வந்து திருத்த முடியாதே.”

லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்தான். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தேன். லைப்ரரியன் அம்மாள் கோட் மாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“இதை எத்தனை பேர் படிக்கப்போகிறார்கள்?” என்று கேட்டார்.

“ஒருவர் படித்தாலும் தப்பாகப் படிப்பாரே.”

அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அனுப்புவதற்காக என் ஃப்ளாப்பியைப் போட்டு ஒட்டியிருந்த தபால் உறையைக் கிழித்தார்.

‘நாட்’ இல்லைதான். அதோடு நான் கவனிக்காமல் தாண்டியிருந்த ஒரு முழு வரியும் இல்லை. லைப்ரரியன் அம்மாள் புத்தகத்தை உரக்கப் படிக்க, நான் ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

அடுத்த வாரம் வாக்கெடுப்புப் பக்கம் வந்தது. மசோதா நிறைவேறிவிட்டது. எதிர்த்தவர்களின் பட்டியலில் அந்த உறுப்பினரின் பெயர் இருந்தது. எழுத்து எழுத்தாக அடித்தேன். பக்கத்தைத் திருப்பினால், துறைமுகக் கோட்டைகளைப் பற்றி அடுத்த சண்டையை ஆரம்பித்திருந்தார்கள்.