வெள்ளைக்கு அடியில் ஒரு கோடு

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கிறது. கூடத்துச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த பெயிண்டர் கூப்பிட்டார். "சார், இங்கன வந்து பாருங்க. வெள்ளத் தண்ணி நின்ன கோடு. எம்புட்டு சுரண்டுனாலும் போவ மாட்டேங்கு."

பழைய சுண்ணாம்புக்கு அடியில், என் முழங்கால் உயரத்தில், பழுப்பாக ஒரு கோடு. ஆற்றுச் சேற்றின் வாடைகூட லேசாக வந்தது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக வாதாடிய வக்கீல். கங்கைகொண்டான் பக்கம் குடோன் எரிந்தாலும், மழையில் எவர் வீடு இடிந்தாலும், என் வீட்டில் உலை கொதித்தது. கருகிய மூட்டையை மோந்தே மண்ணெண்ணெய் ஊற்றியதா என்று சொல்லிவிடுவேன் என்று சக வக்கீல்களிடம் பீற்றிக்கொள்வேன். அந்த மூக்குக்கு வேறு எதுவும் எட்டியதில்லை.

தாமிரபரணி ஊருக்குள் புகுந்த அந்த மார்கழியில், ஸ்ரீவைகுண்டத்தில் சுடலைமுத்து அண்ணாச்சியின் பலசரக்குக் கடை மூழ்கியது. நாறிப்போன மூட்டைகளை பேரூராட்சி லாரி வாரிப் போய்விட்டது. அவருடைய செல்போனும் தண்ணீரோடு போனதால் ஒரு படம்கூட இல்லை. கம்பெனி அனுப்பிய சர்வேயர் சேதத்தைப் பார்க்கப் போனபோது பொங்கலே முடிந்திருந்தது. அவர் எடுத்த படங்களில் சுவர் பளிச்சென்று இருந்தது. படியேறிப் போகும் கடை, உள்ளே தண்ணீர் வரவே இல்லை என்று சொல்லிக் கம்பெனி கையை விரித்தது. அண்ணாச்சி வழக்குப் போட்டார். கடையை மறுபடி நிரப்ப அவருக்கு வேறு வழியில்லை.

கூண்டில் ஏறியவரிடம் கேட்டேன், "தண்ணி எவ்வளவு உயரம் நின்னுது?"

"நெஞ்சு மட்டும் நின்னுது ஐயா."

"சுவத்துல அடையாளம் இருக்கணுமே? படத்துல காணோமே?"

"பொங்கலுக்கு வெள்ளையடிச்சோம்லா. நல்ல நாளும் அதுவுமா சுவரை அழுக்கா போட்டு வைக்கவா முடியும்?"

கோர்ட்டே சிரித்தது. வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் பயம். கோர்ட்டே ஒரு ஆளை அனுப்பிச் சுவரைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லி எதிர்த்தரப்பு கேட்டால் என் கதை முடிந்தது. வெள்ளத்தின் கறை ஒரு பூச்சுக்கெல்லாம் போகாது என்பது இத்தனை வருஷம் இடிந்த வீடுகளைப் பார்த்த எனக்குத் தெரியாதா? அண்ணாச்சியின் வக்கீல் சின்னப் பையன், கேட்கவில்லை. நானாகச் சொல்வது என் வேலையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வழக்கு தள்ளுபடியானது. வராந்தாவில் அண்ணாச்சி என்னிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"வக்கீலய்யா, ஒங்க வீட்லயும் தண்ணி வந்துச்சாம்லா. நீங்க பொங்கலுக்கு வெள்ளையடிக்கலியா?"

அடித்திருந்தோம். அதே வாரம். வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நடந்தேன். அந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை.

போன மாதம் ஸ்ரீவைகுண்டம் போயிருந்தேன். கடையை இடித்து மட்டமாக்கியிருந்தார்கள். பக்கத்து டீக்கடையில் விசாரித்தேன். "அண்ணாச்சியா? கடைய வித்துட்டு திருப்பூர்ல எங்கயோ வாச்மேனா இருக்காராம்" என்றார்கள். இனி சுரண்டிப் பார்க்க அங்கே சுவரும் இல்லை. மிஞ்சியிருப்பது என் வீட்டுக் கோடு மட்டும்தான்.

"சார், கோட்டு மேல பட்டி பாத்து மூடிரட்டுமா?" என்றார் பெயிண்டர்.

மூடிவிடச் சொன்னேன்.