மீன் கழுவும் காட்சியில் இடைவேளை

தியேட்டரில் உண்மையான விமர்சனம் கழிவறை வாசலில்தான் கிடைக்கும். “பாவம், திரைக்குள் எட்டிப் பார்க்கும் அந்த மைக்குக்கும் ஒரு வேடம் கொடுத்திருக்கிறார்கள்” என்று ஒரு பெண் தன் தோழியிடம் சொன்னதை நான் அங்கேதான் கேட்டேன். சுவிஸின் பாசல் நகரில் ஒரு சிறிய தியேட்டரில் டிக்கெட் கிழிப்பதும் இடைவேளையில் ஐஸ்கிரீம் விற்பதும் என் வேலை. வாடிக்கையாளர் முன்னால் சிரித்துக்கொண்டு நின்று பழகியவர்களுக்கு மற்றதை விளக்கத் தேவையில்லை.

அந்தக் கிழமை ஓடியது மேற்கு ஆபிரிக்காவில் குறைந்த செலவில் எடுத்த படம். படகேறிப் போன மகனைப் பற்றிய செய்திக்காகக் காத்திருக்கும் ஒரு மீன்காரியின் கதை. அதைப் போடச் சொல்லிக் கேட்டவர் எங்கள் ஆபரேட்டர் குமார் அண்ணை. இத்தனை வருடத்தில் அவர் வாய் திறந்து கேட்ட முதல் படம். ஆட்கள் பாதியில் எழுந்து போனால் ஒரு கிழமையோடு எடுத்துவிடுவேன் என்று மேலாளர் மார்கிரிட் சொல்லியிருந்தார்.

ஒரே டாக்சி

படத்தில் மூன்று டாக்சிகள் வரும். மூன்றிலும் இடது கதவில் அதே நசுங்கல். வழக்கமாக வரும் முதியவர் ஒருவர் அதைக் கண்டுபிடித்து என்னிடம் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்பதுபோல் தலையாட்டினேன். “பரவாயில்லை. மற்றப் படங்களில் டாக்சி மாறும், கதை மாறாது” என்றார் அவர்.

வாசிக்கிறவன்

“அண்ணை, படத்திலை வாற அந்த மருமகன் வசனத்தைச் சுவரிலை பாத்து வாசிக்கிற மாதிரி இருக்கு” என்றேன்.

குமார் அண்ணை மறுக்கவில்லை. “ஓம், அவன் வாசிக்கிறான்தான். அந்த மீன்கார மனிசி வாசிக்கேல்லைப் பிள்ளை.”

நடு

இங்கே எந்தப் படமானாலும் நடுவில் வெளிச்சம் போட்டு ஐஸ்கிரீம் விற்போம். இந்தப் படத்தின் நடுவில், செய்தி கொண்டுவந்தவன் வாசலில் நிற்பான். தாய் ஒன்றும் கேட்காமல் மீன் கழுவிக்கொண்டே இருப்பாள். இசை இல்லை, வசனம் இல்லை, கமரா அசையாது. படத்தின் சிறந்த இடம் அதுதான். சரியாக அங்கேதான் விளக்கு எரியும். பலர் கோட்டை மாட்டிக்கொண்டு டிராமுக்குப் போய்விடுவார்கள். போகிற வழியில் வெனிலா வாங்கிய ஒருவர் கேட்டார்: “இன்னும் எவ்வளவு நேரம் கழுவுவாள்?”

இடைவேளையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்று குமார் அண்ணை கேட்டபோது மார்கிரிட் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “நடு என்றால் நடுதான்.”

ஞாயிறு

ஐஸ்கிரீம் தட்டோடு நின்றேன். நேரம் தாண்டியும் விளக்கு எரியவில்லை. மார்கிரிட் அரங்கின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். பின்னால் நானும் போனேன். கடைசி வரிசைக்குப் பின்னால் அவர் நின்றுவிட்டார். திரையில் தாய் கடைசி மீனையும் கழுவி, காகிதத்தில் சுற்றி, வந்தவனிடம் நீட்டினாள். அவன் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வாங்கிக்கொண்டு போனான். அதன் பிறகுதான் விளக்கு எரிந்தது. அன்று கோட்டை எடுத்தவர் ஒருவர்தான், அவருக்கு இருமல்.

படம் முடிந்ததும் ஆபரேட்டர் அறையில் குமார் அண்ணைக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். மார்கிரிட் வந்தார்.

“யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?”

“யாரையும் கேட்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் தருவதென்றால் தாருங்கள்.”

மார்கிரிட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கணினியில் அடுத்த கிழமை அட்டவணையைத் திறந்து, அதில் இல்லாத அந்தப் படத்தைச் சேர்த்தார். மீன் கழுவும் காட்சி முடியும் இடத்தைத் தேடிப் பிடித்து, இடைவேளையை அதற்குப் பின்னால் வைத்துவிட்டு, கீழே இறங்கிப் போனார்.