வெட்டாமல் விட்ட ஜோடி

1. லைனில் வந்த போன்

எங்கள் ஷூ ஃபேக்டரியில் புரொடக்‌ஷன் ஃப்ளோருக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. குவாலிட்டி இன்சார்ஜ் என்ற முறையில் இருபத்திரண்டு வருடமாக அந்த விதியைச் சொல்லி மற்றவர்களைத் திட்டியவள் நான். அன்று காலை பத்தரை மணிக்கு என் ஏப்ரன் பாக்கெட்டில் போன் இருந்தது. அதிர்ந்தது. லைனில் நின்றபடியே எடுத்தேன்.

“அம்மா, பயப்படாத. நாங்க ஹாஸ்டல் பேஸ்மென்ட்ல இருக்கோம்.”

என் மகள் நிவேதா. வெளிநாட்டில் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த எழுத்துகளைப் பார்த்தாலே இப்போதும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன். அங்கே சண்டை தொடங்கி அன்று மூன்றாம் நாள்.

“இன்னா சத்தம் அது?”

“சைரன். அது அடிச்சிக்கினேதான் இருக்கும். நீ டிவி பாக்காத.”

“சாப்ட்டியா?”

“பிஸ்கட் இருக்குது. தண்ணிதான் கம்மி. பஸ், ட்ரெயின் எதுவும் ஓடல. நாளைக்கு விடிஞ்சதும் எல்லாரும் சேந்து பார்டருக்கு நடந்துடலாம்னு சீனியர்ஸ் சொல்றாங்க. முப்பத்தஞ்சு கிலோமீட்டராம்.”

வேறொரு அம்மா இதற்கு என்ன கேட்டிருப்பாரோ தெரியாது. நான் கேட்டது இதுதான்: “கால்ல இன்னா போட்டுக்கினு போவ?”

“நீ குடுத்த பூட்ஸ்தான். கான்வாஸ் ஷூ பனியில ஊறிடும்.”

போன் கட்டாகிவிட்டது. கன்வேயர் ஓடிக்கொண்டே இருந்தது. என் முன்னால் வந்த நான்கைந்து ஜோடிகளை நான் பார்க்கவே இல்லை. அவை அப்படியே பேக்கிங்குக்குப் போய்விட்டன.

2. அந்த பூட்ஸ்

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ரிஜெக்ட் ஆகும் ஜோடிகள் இரண்டு வகை. தோலில் சுருக்கம், நிற வித்தியாசம், தையல் கோணல் இதெல்லாம் பார்வைக் குறை. அப்படிப்பட்ட ஜோடிகளைப் பண்டிகை சமயத்தில் ஸ்டாஃபுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆம்பூரில் எங்களைப் போன்றவர்கள் வீடுகளில் எல்லோர் காலிலும் அந்த ஷூதான். இன்னொன்று பாண்டிங் குறை. மேல்தோலும் அடியும் சரியாக ஒட்டியிருக்காது. பார்த்தால் தெரியாது. மெஷினில் மாட்டி இழுத்துப் பார்க்கும் பீல் டெஸ்டில்தான் தெரியும். இந்த வகையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு ஜோடியையும் கத்தியால் குறுக்கே வெட்டிப் போட வேண்டும்.

நிவேதா படிக்கக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, குளிர்கால பூட்ஸ் ஆர்டர் ஒன்று ஓடியது. ஒரு லாட்டில், ஒட்டுவதற்கு முன் தோலின் விளிம்பைச் சுரண்டும் வேலை அரைகுறையாக நடந்துவிட்டது. பசை பிடிக்கவில்லை. டெஸ்ட் செய்து, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, ‘ஃபெயில்’ என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

அந்தக் குவியலில் ஒரு முப்பத்தேழு சைஸ் கிடந்தது. உள்ளே மெத்தென்று ஃபர். நிவேதாவின் சைஸ். குனிந்து எடுத்தேன். மேல்தோலை அச்சில் இழுத்து ஒட்டும் லாஸ்டிங் பிரிவின் சூப்பர்வைசர் ஜப்பார் பாய் பார்த்துவிட்டார்.

“மேடம், அது வெட்டிப் போடவேண்டிய லாட்டு.”

“தெரியும் பாய். ஹாஸ்டலுக்கும் காலேஜுக்கும் நடக்கப்போறா. அவ்ளோதான?”

“இதையே நான் எடுத்தா மெமோ குடுப்பீங்க.”

“ஒருவாட்டி பிரஸ்ல வெச்சி ஒட்டிக் குடுங்க பாய்.”

ஒட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது, “பாப்பாவ ஓட மட்டும் வேணாம்னு சொல்லுங்க” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

3. சொல்வதா, வேண்டாமா

போன் வந்த அன்று மதியம் வரை என் தலைக்குள் ஓடியது இதுதான். குளிரில் பசை விறைக்கும். ஈரம் பட்டால் விடும். முதலில் திறப்பது விரல் மடங்கும் இடம். நடப்பவரின் ஒவ்வோர் அடிக்கும் அந்த இடம் ஒரு முறை மடங்குகிறது. ஷூவை மடக்கி மடக்கிப் பார்க்கும் மெஷின் எங்கள் லேபில் நாள் முழுக்க ஓடும். அன்று அந்தப் பக்கம் போகவே என்னால் முடியவில்லை.

ஜப்பார் பாயிடம் சொன்னேன். அவர் தன் பழைய கேலியை நினைவுபடுத்தவில்லை. கையில் இருந்த ஷூவைக் கீழே வைத்தார்.

“சொல்லிடுங்க மேடம்.”

“ஏற்கெனவே பயந்துக்கினு கெடக்குறா பாய்.”

“பயம் ஜாஸ்தியானா ஆவட்டும். நடுவழியில அடி பிரிஞ்சா அங்க யாரு ஒட்டுவா? டேப்பு சுத்தச் சொல்லுங்க. மடங்குற எடத்துல மூணு சுத்து.”

சாயங்காலம் ஐந்தாவது முயற்சியில் லைன் கிடைத்தது. டேப் விஷயத்தைச் சொன்னேன்.

“எதுக்கும்மா? நல்லாத்தான இருக்குது.”

“அது பாண்டிங் ஃபெயிலான ஜோடி.”

“செக் பண்ணது யாரு?”

“நான்தான்.”

“ஃபெயில்னு தெரிஞ்சேதான் எனக்குக் குடுத்தியா?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “சரி, வெக்கிறேன். சார்ஜ் கம்மியா இருக்குது” என்றாள்.

4. ஒன்றரை நாள்

அதன்பிறகு ஒன்றரை நாள் அவள் போன் அணைந்தே கிடந்தது.

மறுநாள் காலையில் கெய்சரைப் போட்டேன். வெந்நீர் வாளியில் நிறைந்தது. அதை மேலே ஊற்றிக்கொள்ள முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். சுவிட்சைத் தொட்டால் விளக்கு எரிந்தது. மெத்தை காய்ந்து இருந்தது. குக்கர் விசில் அடித்ததற்கே உடம்பு தூக்கிப் போட்டது. என் கணவர் தட்டை என் பக்கம் தள்ளினார். “சாப்புடு. நீ பட்டினி கெடந்தா அவளுக்கு வயிறு ரொம்பாது” என்றார். அவர் தட்டிலும் சோறு அப்படியேதான் இருந்தது.

இத்தனை நாளும் இதற்கெல்லாம் நான் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்லவும் பயமாக இருந்தது. இதையெல்லாம் கொடுத்தாயே என்று வாய் திறந்தால், இதற்குப் பதிலாகக் கடவுள் அவளைக் கேட்டுவிடுவாரோ என்று பயம். வாயை மூடிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினேன்.

அதற்கும் மறுநாள் மதியம் கேன்டீனில் இருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“அம்மா, பார்டர் கிராஸ் பண்ணிட்டோம்.”

“காலு?” என்றேன்.

“ரெண்டும் இருக்குதும்மா” என்றாள். சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடிந்தது.

5. முப்பத்தெட்டு சைஸ்

பத்து நாள் கழித்து வீடு வந்து சேர்ந்தாள். காலில் இருந்தது என் பூட்ஸ் இல்லை.

“பாதி வழி டேப்பு தாங்குச்சி. அப்புறம் பனியில ஊறி வந்துடுச்சி. வலது கால் அடி வாயப் பொளந்துக்கிச்சி. சாக்ஸ் முழுக்க ஐஸு. கடைசிக்குக் காலு இருக்குதா இல்லையான்னே தெரியல. ஒரு வீட்டு வாசல்ல ஒரு அம்மா நடந்து போறவங்களுக்கு டீ ஊத்திக்கினு இருந்தாங்க. உன் வயசு இருக்கும். என் கால பாத்தாங்க. ஒண்ணும் கேக்கல. படியில உக்காந்து அவங்க பூட்ஸ கழட்டி என் காலுல மாட்டிட்டு, வெறும் சாக்ஸோட உள்ள போயிட்டாங்க.”

“அவங்க பார்டருக்கு வரலியா?”

“மாட்டும்போதே கேட்டேன். புள்ள சண்டைக்குப் போயிருக்கானாம். அவன் வந்தா வீடு தொறந்து இருக்கணும்னு சொன்னாங்க.”

பெயரைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லையாம். பின்னால் கூட்டம் தள்ளிக்கொண்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொல்லி, எனக்கான மெமோவை நானே கேட்டு வாங்கினேன். இன்று என் செக்‌ஷனில் ஃபெயில் என்று கையெழுத்துப் போட்டவரே, அந்த ஷிஃப்ட் முடிவதற்குள், தன் கையால் அந்த ஜோடியை வெட்ட வேண்டும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் நல்ல தோல் வீணாகிறதே என்று தயங்குவார்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான்: இந்தக் கால் இவ்வளவு தூரம்தான் நடக்கும் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அதை முடிவு செய்கிறவர்கள் வேறு யாரோ.

நிவேதா இப்போது வேறொரு நாட்டில் படிப்பைத் தொடர இடம் தேடிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து ஃபேக்டரியில் ஷிஃப்ட் சைரன் அடித்தால் மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடுகிறாள். போன வாரம் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் மடியில் அந்த அம்மாவின் பூட்ஸ் இருந்தது.

தொழில் பழக்கத்தில் கையில் வாங்கித் திருப்பினேன். முப்பத்தெட்டு சைஸ். இடது குதி வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது. அந்தக் காலைக் கொஞ்சம் சாய்த்து நடப்பவர். அடி கம்பெனியில் போட்டது இல்லை. கையால் தைத்தது. பழைய தையலின் ஓட்டைகள் இரண்டு வரிசையாகத் தெரிந்தன. அதாவது இரண்டு முறை அடி மாற்றியிருக்கிறார்கள்.

“அந்த அம்மாக்கு வீட்டுக்குள்ள வேற ஜோடி இருந்திருக்கும் இல்லம்மா?” என்று கேட்டாள்.

இன்னொரு ஜோடி இருப்பவர்கள் ஒரே பூட்ஸுக்கு இரண்டு முறை அடி மாற்ற மாட்டார்கள்.

“இருந்திருக்கும்” என்றேன்.