படிகம் வியர்த்த வெள்ளிக்கிழமை

கடலோர ரெசிஃபி நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஒளியியல் ஆய்வகத்தில் ஜாந்திரா பதினேழு ஆண்டுகள், வெளி ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலம் வந்த ஒப்பந்த ஊழியராக இருந்தாள். கடைசி ஆறு ஆண்டுகளாக, விரற்கடை நீளமுள்ள ஒரு படிகத்தைக் காப்பது அவள் வேலை.

லேசர் ஒளி அந்தப் படிகத்துக்குள் நுழைந்தால் இரண்டு கற்றைகளாக வெளியே வரும். ஒன்று துடித்தால் மற்றதும் அதே அளவு துடிக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், எந்தச் சாதாரண லேசரும் எட்டாத அளவுக்கு ஒளியின் இரைச்சல், அதாவது அதன் ஓயாத சிறு நடுக்கம், அடங்கும். ஆனால் படிகத்தின் சூடே தன் பங்குக்குப் புது இரைச்சலை ஏற்றிவிடும். அதனால் பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் வைத்து, உறைநிலைக்கும் இருபது டிகிரி கீழே அதைக் குளிர வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு வாரம் அளந்தால் ஆறு ஆண்டு உழைப்பு முடிந்துவிடும். முடிந்தால் அவளை நிரந்தரமாக்கப் பரிந்துரைப்பதாகப் பேராசிரியர் எவரிஸ்து சொல்லியிருந்தார்.

அந்த வாரம்தான் மின்சிக்கனத் திட்டம் வந்தது. வெள்ளிக்கிழமை அமைச்சர் வந்து கட்டடத்தின் மெயின் சுவிட்சைத் தன் கையால் இறக்கித் திட்டத்தைத் தொடங்கிவைப்பாராம். ஜாந்திரா கட்டட மேலாளர் ஜெனிவால்டுவிடம் போனாள்.

"மத்தியானம் ரெண்டு மணிக்குத்தானே சார்? படிகத்தைச் சூடாக்கி எடுக்க மூணு மணி நேரம் வேணும். அதுக்குள்ள பம்பு நின்னா வெளிக்காத்து பூந்துடும். நம்ம ஊர்க் காத்து, பிழிஞ்சா தண்ணி கொட்டும்."

"ரெண்டுன்னா ரெண்டுதான். நீ என்னம்மா, எனக்கே மணி பாக்கச் சொல்லித் தர்றே?"

வெள்ளியன்று பத்தரைக்குச் சூடாக்கத் தொடங்கினாள். பத்து ஐம்பத்தெட்டுக்கு விளக்குகள் அணைந்தன. அமைச்சருக்குக் கடற்கரையில் மதிய விருந்து; விழாவை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆய்வகத்துக்கு யாரும் சொல்லவில்லை.

மின்சாரம் போனதும் பம்பின் வால்வு தானாகத் திறந்து, கலத்துக்குள் உஸ்ஸென்று காற்றை இழுத்தது. ஜாந்திரா மூன்று மாடி இறங்கி ஓடினாள்.

"ஏத்துங்க சார்! சுவிட்சை ஏத்துங்க!"

"தள்ளி நில்லும்மா, படத்துல விழறே," என்றான் புகைப்படக்காரன். அமைச்சர் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் இன்னொரு முறை சிரித்தார்.

அவள் மாடியேறி டார்ச் அடித்துப் பார்த்தபோது படிகம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பிறகு உறைபனி உருகி வியர்வைபோல் வழிந்தது. மறுநாள் அதன் மேல்பூச்சு கொப்புளித்திருந்தது; இனி அது எதற்கும் உதவாது.

"எல்லாம் கடவுள் சித்தம். மாதாகிட்ட வேண்டிக்கோ," என்றார் ஜெனிவால்டு.

"மாதாவா சார் சுவிட்சை இறக்கினாங்க?"

விசாரணைக் குழுவில் மூன்று முனைவர்கள் இருந்தார்கள். மின்சாரம் எத்தனை மணிக்கு நின்றது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். ஓட்டையில்லாத அந்தக் கலத்துக்குள் ஈரத்தை விட்டது அமைச்சரின் பசி என்று எழுத, படித்த அந்த மூவருக்கும் கை வரவில்லை. எவரிஸ்துவும் கையெழுத்திட்டார்.

"மன்னிச்சிடு ஜாந்திரா. போடலேன்னா புதுப் படிகம் தர மாட்டாங்க."

"தரட்டும் சார். அதை யார் பாத்துப்பாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மூன்றாண்டு ஆகியும் படிகம் வரவில்லை. வேறு ஆய்வகங்களில் வேலை கேட்டாள். அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் தங்கள் பதிவேட்டில் இருந்தபடி உடனே அடித்துக் கொடுத்தார்கள்: பதினேழு ஆண்டு துப்புரவுப் பணி, நடத்தை திருப்தி.