சங்கை முதலில் இறக்கினேன்

1974 ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை. கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். காலை ஐந்தே காலுக்கு எழுந்து குளித்தேன். ரேடியோவில் செய்திக்கு முன் மணி சொன்னபோது கைக்கடிகாரத்தைச் சரிபார்த்தேன்; வித்தியாசம் இல்லை. இரண்டு இட்லி, ஒரு காபி. ஏழு மணிக்கு லாரியில் ஏறி, எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, வலங்கைமானுக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லின் வாசலில் இறங்கினேன். சிறிது நேரத்தில் மில் கூரையிலிருந்த சங்கு ஊதியது. டைரியில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்: "8.03 – மில் சங்கு. மூன்று நிமிடம் தாமதம்."

பழைய மில்களையும் கட்டடங்களையும் பிரித்து எடுக்கத் திட்டம் போடுவது என் தொழில். கட்டுவதற்கு ஒருவர் வரைபடம் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரிப்பதற்கும் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று சொன்னால் சிரிப்பார்கள். எதை முதலில் கழற்றுவது, எதைக் கடைசிவரை தொடக்கூடாது, எந்தச் சுவர் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று வரிசை போட்டுத்தான் ஆட்களை உள்ளே விடுவேன். வரிசை தப்பினால் ஆள் சாவான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வருட அனுபவம். என் வரிசையால் ஒருவருக்குக்கூடக் காயம் பட்டதில்லை என்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எந்த இடமானாலும் என் முதல் விதி மின்சாரம். மெயினை நிறுத்து, ஒயரை அறுத்துச் சுருட்டு, பிறகு மற்ற வேலை. அன்றும் அப்படித்தான். காலை முழுவதும் அளவெடுத்தேன். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயினை நிறுத்தச் சொன்னேன். சங்கு மோட்டாரில் ஓடுவது, நல்ல நிலையில் இருந்தது. கூரைத் தகடு கழற்றும்போது அதன் மேல் ஏதாவது விழுந்துவிடக் கூடாது என்று அதையும் முதலிலேயே கயிறு கட்டி இறக்கச் சொன்னேன்.

மில் வாட்ச்மேன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சார், சங்கு மட்டும் இருக்கட்டுமே. அஞ்சு மணிக்கு ஊதணும்."

"மில்லே ஓடலை. யாருக்கு ஊதப் போறீங்க?"

"வயக்காட்டு ஆளுங்களுக்கு சார்."

மணி தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். "அவங்க பொழுதப் பாத்துக்குவாங்க" என்றேன். அவர் திரும்பி வாசல் பக்கம் போனார். மூன்று மணி பஸ்ஸில் எலக்ட்ரீஷியன் ஊருக்குக் கிளம்பினார்.

ஐந்து மணிக்கு நான் பாய்லர் கொட்டகையின் கூரைமேல் தகடு எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் சாலை, அதற்கப்பால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அக்கரையில் ஒரு மிராசுதாரின் களம். தை மாதம், சம்பா அறுவடை. நாள் முழுவதும் கதிர் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐந்தே காலுக்கு அந்தச் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். களத்தில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போகவும் இல்லை. பிறகு நாற்பது பேர் போல வாய்க்கால் பாலத்தைத் தாண்டி மில்லை நோக்கி வந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். சிலர் கையில் அறுப்பு அரிவாள் இருந்தது.

முன்னால் வந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் அவர்களுக்காகப் பேசுகிறவர் அவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வாசல் கேட் அருகே நின்று வாட்ச்மேனைக் கேட்டார். "சங்கு ஏன் ஊதல?"

பின்னாலிருந்து ஒருவன், "மிராசுதார் வீட்டுலேருந்து சொல்லி விட்டா எப்படி ஊதும்?" என்றான்.

வாட்ச்மேன் கூரைமேல் இருந்த என்னைப் பார்த்தார். நான் ஏணியில் இறங்கி வந்தேன். அப்போதுதான் அவர் அவசர அவசரமாக எனக்கு விஷயத்தைச் சொன்னார்.

முந்தின வருட அறுவடையில் வேலை நேரம் எப்போது முடிகிறது என்பதில்தான் அந்த ஊரில் சண்டை. மிராசுதாரின் ஏஜெண்டு கட்டியிருந்த கடிகாரம் சாயங்காலத்தில் மட்டும் மெதுவாகப் போகிறது என்றார்கள் ஆட்கள். ஆட்கள் சூரியனைக் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்றது மிராசுதார் தரப்பு. மண்டை உடைந்து, போலீஸ் லாரி வந்து, இரு பக்கத்திலும் சிலர் இன்னும் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் தாசில்தார் இரு தரப்பையும் உட்காரவைத்து எழுதி வாங்கினார். காலை எட்டுக்கு மில் சங்கு ஊதினால் வேலை ஆரம்பம். மாலை ஐந்துக்கு ஊதினால் முடிவு. சங்குக்கு முன் களத்தை விட்டவருக்கு அன்றைக்குக் கூலி நெல் கிடையாது. சங்குக்குப் பின் யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது. மில் சொந்தக்காரர் கும்பகோணத்து வியாபாரி, இரு தரப்புக்கும் பொதுவானவர். அதனால்தான் ஆடியில் மில் நின்ற பிறகும் சங்கு மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. மில்லைப் பிரிக்க எங்கள் கம்பெனிக்கு விற்றபோது இதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குள் ஏஜெண்டு சைக்கிளில் வந்து இறங்கினார்.

"சங்கு ஊதாம களத்த விட்டு வந்துட்டாங்க. எழுதின எழுத்துப்படி இன்னிக்குக் கூலி கிடையாது. நான் என்ன பண்ண முடியும்?"

"ஏஜெண்டு, கையில கட்டியிருக்கீங்களே, அதப் பாருங்க. மணி என்ன?" என்றார் அந்தப் பெண்.

"என் கடியாரம் பொய் சொல்லுதுன்னு தாசில்தார்கிட்ட சொன்னது யாரு? இன்னிக்கு மட்டும் அது உண்மை சொல்லிடுமா?"

"அப்ப இருட்டுற வரைக்கும் அடிக்கச் சொல்றீங்களா? நெல்லக் கொண்டுபோய்க் குத்தித்தான் ராத்திரிக்கு உலை வைக்கணும். புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்."

ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டினான். ஏஜெண்டு சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். அவர் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. கூலி அளந்தால் மிராசுதாருக்குப் பதில் சொல்ல வேண்டும். அளக்காவிட்டால் இந்த நாற்பது பேருக்கு.

"சங்கை நிறுத்தினது நான். யாரும் சொல்லி நிறுத்தலை" என்றேன்.

"இவரு சொன்னா நம்பிடணுமா?" என்றான் வேட்டியை மடித்துக் கட்டியவன்.

எனக்குத் தெரிந்த ஒரே சாட்சி என் டைரி. எடுத்து உரக்கப் படித்தேன். "8.03 – மில் சங்கு. மூன்று நிமிடம் தாமதம். 2.10 – மெயின் நிறுத்தம். 2.25 – சங்கு இறக்கப்பட்டது. நல்ல நிலை. 2.40 – ஒயர் அறுத்துச் சுருட்டப்பட்டது."

அந்தப் பெண் முழுவதையும் கேட்டார். "மூணு நிமிசம் லேட்டுன்னு எழுதத் தெரிஞ்சிருக்கு. எதுக்கு ஊதுதுன்னு கேக்கத் தெரியலையே சார்."

"பொழுதுக்கு ஒரு சுவிட்சு இருந்திருந்தா அதையும் கழட்டிச் சுருட்டியிருப்பாரு" என்றார் பின்னால் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். ஏஜெண்டும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. ஆனால் அந்தச் சிரிப்பில்தான் அரிவாள்கள் கொஞ்சம் கீழே இறங்கின.

ஏஜெண்டு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "எழுத்துல குடுங்க. எங்க மிராசுதாருக்குக் காட்ட எனக்கு ஒண்ணு வேணும்." படித்த பக்கத்திலேயே கீழே எழுதினேன்: ஐந்து மணிக்குச் சங்கு ஊதாததற்கு நான் மட்டுமே காரணம், களத்து ஆட்கள் நேரத்துக்கு முன் வேலையை விடவில்லை. கையெழுத்துப் போட்டு, பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். பதினாறு வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். அதுவரை ஒரு பக்கம் கிழித்ததில்லை.

இருட்டுவதற்குள் களத்தில் கூலி நெல் அளக்க மரக்கால் விழ ஆரம்பித்தது. முந்தானையிலும் கூடையிலும் நெல்லை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் மில் வாசலைத் தாண்டும்போது நின்றார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு?"

"ஊதும். வேணும்னா எழுதித் தரேன்."

"எழுத்து இருக்கட்டும் சார். ஊதட்டும்."

எலக்ட்ரீஷியனை அழைத்துவர லாரி டிரைவரை அனுப்பினேன். பிறகு என் வரிசையைத் திருத்தினேன். முதலில் இருந்த சங்கு கடைசிக்குப் போனது. அதன் பக்கத்தில், "இரு தரப்பும் வேறு ஏற்பாடு செய்துகொண்ட பிறகு மட்டும்" என்று எழுதினேன். பிறகு எத்தனையோ மில், எத்தனையோ கட்டடம் பிரித்துவிட்டேன். இன்றும் ஒரு இடத்துக்குப் போனால் முதல் நாள் டேப்பை வெளியே எடுப்பதில்லை. சுற்றி நடந்து, இது நின்றுபோனால் உங்களுக்கு என்ன நின்றுபோகும் என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறேன். ஓடாத இயந்திரம் யாருக்கும் உதவாது என்று நான் நினைத்திருந்தது எவ்வளவு பெரிய அறியாமை என்பது, அப்படிக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகிறது.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்குள் சங்கு பழையபடி கூரையில் ஏறிவிட்டது. மெயினையும் போட்டாயிற்று. என் கடிகாரத்தில் சரியாக எட்டானதும் சுவிட்சில் கை வைத்தேன்.

"இருங்க சார்" என்றார் வாட்ச்மேன். ஜன்னல் விளிம்பில் இருந்த தன் டைம்பீஸைக் காட்டினார். எட்டுக்கு மூன்று நிமிடம் இருந்தது.

"நான் ரேடியோவோட சரிபார்த்தது" என்றேன்.

"ரேடியோ சரிதான் சார். அவங்க ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டது இத."

வெளியே பார்த்தேன். வாய்க்கால் கரையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாலத்தின் மேல் ஏஜெண்டு சைக்கிளோடு நின்றார். அவர் தன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இவர்கள் பொழுதைப் பார்க்கவில்லை. எல்லோரும் மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நிமிடம் நின்றேன். வாட்ச்மேன் சுவிட்சைப் போட்டார். சங்கு ஊதியது, கரையில் இருந்தவர்கள் எழுந்து களத்துக்குப் போனார்கள்.

டைரியில் 23ஆம் தேதிப் பக்கத்தை எடுத்தேன். எழுதுவதற்கு முன், முதல் வேலையாக, என் கைக்கடிகாரத்தை மூன்று நிமிடம் பின்னுக்குத் திருகி வைத்தேன்.